மாத மளிகை பட்ஜெட்: முதலில் அளவு, பிறகுதான் பணம்

சம்பளம் வந்ததும் “இந்த மாதம் சமையல் செலவு பன்னிரண்டாயிரத்தைத் தாண்டக் கூடாது” என்று தீர்மானிப்பதும், இருபதாம் தேதி வாக்கில் அந்தப் பணம் தீர்ந்துவிட்டதை அறிந்து மனம் சோர்வதும் பல வீடுகளில் மாதந்தோறும் நடக்கின்றன. அப்போது பழி அடுப்படியைக் கவனிப்பவர்மீது விழுகிறது; சிக்கனம் போதவில்லை, கை தாராளம் என்று பேச்சு எழுகிறது. இந்தக் குற்றச்சாட்டு பெரும்பாலும் நியாயமற்றது என்பது என் உறுதியான கருத்து. பன்னிரண்டாயிரம் என்ற தொகை எந்தக் கணக்கின்மேலும் நிற்காமல் வெறும் விருப்பமாக இருந்ததுதான் அது உடைந்ததற்குக் காரணம். அரிசி எத்தனை கிலோ, எண்ணெய் எத்தனை லிட்டர் என்று தெரியாமல் எழுதப்பட்ட தொகையை எவ்வளவு கட்டுப்பாடு உள்ளவராலும் காப்பாற்ற முடியாது.

மளிகை பட்ஜெட் என்பது இரண்டு எண்களின் பெருக்கல். ஒரு பொருள் மாதத்துக்கு எவ்வளவு தேவை என்பது ஒன்று. அதன் விலை என்ன என்பது மற்றொன்று. விலை நம் கையில் இல்லை. சமையல் எண்ணெயையே எடுத்துக்கொள்வோம்: சுத்திகரிக்கப்படாத பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கான அடிப்படைச் சுங்க வரியை மத்திய அரசு 2024 செப்டம்பரில் 20 விழுக்காடாக உயர்த்தியது, 2025 மே மாத இறுதியில் அதை 10 விழுக்காடாகக் குறைத்தது. அந்த முடிவுகளில் நம் வீட்டுக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் மாதத்துக்கு இரண்டரை லிட்டர் போதுமா, மூன்றரை லிட்டர் வேண்டுமா என்பது முழுக்க நம் அடுப்படியில் முடிவாகும் விஷயம். எனவே புதிதாகத் தொடங்குபவர் ரூபாயில் தொடங்காமல் கிலோவிலும் லிட்டரிலும் தொடங்க வேண்டும்.

அளவைக் கண்டறிவது எப்படி?

முதல் மாதம் எதையும் குறைக்க முயல வேண்டாம். வழக்கம்போல வாங்கி, வழக்கம்போலச் சமைத்து, ஒரே ஒரு வேலையை மட்டும் கூடுதலாகச் செய்தால் போதும்: எந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலும் அன்றைய தேதியை அதன்மேல் எழுதிவிட வேண்டும். அது தீரும் நாளில் அந்தத் தேதியைப் பார்த்தால் வீட்டின் உண்மையான வேகம் தெரிந்துவிடும். ஒரு லிட்டர் எண்ணெய் பன்னிரண்டு நாளில் தீர்ந்தால் முப்பது நாளுக்கு இரண்டரை லிட்டர் தேவை. ஒரு கிலோ சர்க்கரை பத்தொன்பது நாள் வந்தால் மாதத்துக்கு ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல். எங்கள் வீட்டில் காலண்டரின் ஓரத்திலேயே இதைக் குறித்துவந்தார்கள். தனி நோட்டுப் புத்தகமோ செயலியோ கட்டாயமில்லை.

தேதி எழுதும் வழி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. துவரம் பருப்பு போன்றவற்றுக்குச் சமைக்கும் அளவிலிருந்தே கணக்கிடலாம். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு நாள் சாம்பாருக்கு எண்பது கிராம் பருப்பு போடுகிறோம் என்றும், மாதத்தில் இருபத்திரண்டு நாள் சாம்பார் வைக்கிறோம் என்றும் கொண்டால் 1,760 கிராம் ஆகிறது. அதாவது இரண்டு கிலோவுக்குள் அடங்கும். இட்லி மாவுக்கு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று அரைக்கும் வீட்டில், இட்லி அரிசி ஆறு கிலோ என்றால் உளுந்து ஒன்றரை கிலோ என்பது தானாகவே கிடைத்துவிடுகிறது. ஆழாக்கால் அளந்து போடும் பழக்கம் உள்ளவர்கள், தங்கள் ஆழாக்கு எத்தனை கிராம் அரிசி கொள்கிறது என்று ஒருமுறை கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டால், அதன்பின் கணக்கு முழுவதும் ஆழாக்கிலேயே ஓடும். கையால் அள்ளிப் போடுவதைவிட ஒரே பாத்திரத்தால் அளந்து போடுவது அளவை நிலையாக வைக்கிறது. பட்ஜெட்டில் நிற்க உதவும் பழக்கங்களில் இதைவிட எளியது எனக்குத் தெரிந்து இல்லை.

இப்படி இருபது இருபத்தைந்து பொருள்களுக்கு அளவு தெரிந்துவிட்டால் மளிகைச் சிட்டையின் முதுகெலும்பு தயாராகிவிடும். கடுகு, வெந்தயம், பெருங்காயம், மிளகு போன்ற அஞ்சறைப்பெட்டிச் சாமான்களை இவ்வளவு நுணுக்கமாக அளக்கத் தேவையில்லை. அவற்றுக்கு மொத்தமாக ஒரு தொகை வைத்தால் போதும்.

ஒரே தொகை அல்ல, பல ஓட்டங்கள்

அளவுகளை விலையால் பெருக்கித் தொகை கண்ட பிறகு, அதை ஒரே குவியலாக வைப்பது அடுத்த தவறு. சமையல் செலவு ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பால் தினமும் வாங்கப்படுகிறது, காய்கறி வாரம்தோறும், மளிகை மாதம் ஒருமுறை, புளியும் மிளகாயும் வருடத்துக்கு ஒருமுறை. இந்த நான்கையும் ஒரே பணப்பையிலிருந்து எடுக்கும்போது எது எதைத் தின்றது என்று தெரியாமல் போகிறது.

ஓர் எடுத்துக்காட்டாக, இரண்டு பெரியவர்களும் பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளும் உள்ள குடும்பம் பன்னிரண்டாயிரத்தை இவ்வாறு பிரித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம்: மளிகைக்கு 4,700 ரூபாய், காய்கறி பழத்துக்கு 3,000, முட்டை மீன் கறிக்கு 1,800, பாலுக்கு 1,500, நொறுக்குத் தீனிக்கு 400, வருடச் சரக்குக்கும் பண்டிகைக்கும் ஒதுக்கு 600. இவை கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஊருக்கும் வீட்டுக்கும் ஏற்ப மாறும்.

காய்கறிக்கான 3,000 ரூபாயை நான்கால் வகுத்து வாரத்துக்கு 750 என்று கொள்வது எல்லாரும் செய்வது. இதில் ஒரு மறைவான பள்ளம் இருக்கிறது. ஆண்டில் 52 வாரங்கள் இருக்கின்றன. பன்னிரண்டு மாதங்களுக்கும் நான்கு நான்காகக் கொடுத்தால் 48 தான் ஆகும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகும் வீட்டில், ஆண்டில் குறைந்தது நான்கு மாதங்களில் ஐந்து ஞாயிறுகள் வரும். அந்த மாதங்களில் செலவு 3,750 ஆகிவிடும். யாரும் தாராளமாகச் செலவிடாமலேயே பட்ஜெட் உடையும். மாதத் தொகையைப் பன்னிரண்டால் பெருக்கி 52-ஆல் வகுப்பதே சரி: 36,000-ஐ 52-ஆல் வகுத்தால் வாரத்துக்கு 690 ரூபாய் சொச்சம் வருகிறது. வாரத்துக்கு அறுபது ரூபாய் குறைத்துக்கொண்டு, நான்கு ஞாயிறு வரும் மாதங்களில் மிஞ்சுவதை எடுத்துவைத்தால் ஐந்து ஞாயிறு வரும் மாதமும் சிக்கலின்றிக் கடந்துபோகும்.

வருடச் சரக்கு தனியே பேசத்தக்கது, ஏனெனில் நம் பெரியவர்கள் இதில் மிகவும் தேர்ந்தவர்களாக இருந்தார்கள். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது வாங்கிக் கொட்டை நீக்கி, உப்பிட்டுப் பானையில் அடைத்தார்கள். இராமநாதபுரம் பக்கத்து மிளகாய் வற்றல் சந்தைக்கு வரும் பருவத்தில் வாங்கி, சித்திரை வெயிலில் காயவைத்து, மல்லியோடு அரைத்து வைத்தார்கள். வரத்து அதிகமாக இருக்கும் பருவத்தில் வாங்குவதால் சரக்கும் நன்றாக இருக்கும், விலையும் பெரும்பாலும் தணிந்திருக்கும். ஆனால் அந்த ஒரு மாதத்தில் செலவு எகிறும். புளி, மிளகாய், மல்லி மூன்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 3,000 ரூபாய் ஆகுமானால், மாதம் 250 ரூபாயை முன்கூட்டியே எடுத்துவைப்பதுதான் இதற்கு வழி. தீபாவளி, பொங்கல், ஆடிப்பெருக்கு போன்ற நாட்களுக்கும் இதே முறை பொருந்தும். சிறுவாட்டுப் பணம் என்று பெண்கள் கடுகு டப்பாவில் சேர்த்தது பெரும்பாலும் இப்படி முன்கூட்டியே தெரிந்த செலவுக்கான ஒதுக்கீடாகவே இருந்தது. அதை ஒளித்துச் சேர்க்க வேண்டியிராமல் குடும்பக் கணக்கிலேயே வெளிப்படையாக எழுதிவைப்பது மேலானது.

அரிசியிலும் இதே கேள்வி எழுகிறது. உறையிட்டுப் பெயரிடப்பட்ட அரிசிக்கு, 25 கிலோ வரையிலான சிப்பங்களுக்கு, 2022 ஜூலை 18 முதல் 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்ட பிறகு, கடைகளில் 26 கிலோ மூட்டை பரவலாகிவிட்டது. மாதம் பதினைந்து கிலோ சாப்பாட்டு அரிசி செலவாகும் வீட்டுக்கு அது 52 நாள் வரும். கிலோ 60 ரூபாய் என்றால் மூட்டை வாங்கும் மாதத்தில் 1,560 ரூபாய் போகிறது, அடுத்த மாதம் மிகக் குறைவாகவே போகிறது. மூட்டை வாங்காத மாதத்தில் கையில் மிஞ்சுவதைச் சேமிப்பு என்று எண்ணி வேறு எதற்கோ செலவழித்துவிட்டு, அடுத்த மூட்டைக்குத் திண்டாடும் வீடுகள் பல உண்டு. சாப்பிடும் பதினைந்து கிலோவுக்கான 900 ரூபாயை ஒவ்வொரு மாதமும் கணக்கில் எழுதிவிட்டு, மிஞ்சுவதை அரிசிக்கென்றே வைத்தால் இந்த ஏற்ற இறக்கம் நின்றுவிடும்.

தொகை மீறினால் எதைப் பார்க்க வேண்டும்?

மாதக் கடைசியில் தொகை கூடியிருந்தால், “செலவு அதிகமாகிவிட்டது” என்று சொல்லி நிறுத்திவிடாமல், மூன்று காரணங்களில் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். விலை ஏறியிருக்கலாம், அளவு கூடியிருக்கலாம், சிட்டையில் இல்லாத புதுப் பொருள் நுழைந்திருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு என்பதால், பிரிக்காமல் எடுக்கும் எந்த நடவடிக்கையும் தவறான இடத்தில் விழும்.

எண்ணெய்க்குப் போன மாதம் மூன்று லிட்டர், லிட்டர் 150 ரூபாய் வீதம் 450 ரூபாய் ஆயிற்று. இந்த மாதம் மூன்றரை லிட்டர், 170 ரூபாய் வீதம் 595 ரூபாய் ஆயிற்று என்று கொள்வோம். கூடுதல் 145 ரூபாய். பழைய மூன்று லிட்டருக்கே லிட்டருக்கு 20 ரூபாய் ஏறியதால் 60 ரூபாய் கூடியது. மீதி 85 ரூபாய் கூடுதலாக வாங்கிய அரை லிட்டரின் விலை. கடைக்காரர்மீதும் அரசின்மீதும் போடக்கூடிய பழி 60 ரூபாய்க்குத்தான். 85 ரூபாய்க்கான விடை நம் வாணலியில் இருக்கிறது. விருந்தாளி வந்து பலகாரம் சுட்டதால் கூடியிருந்தால் அது நியாயமான செலவு, அடுத்த மாதம் தானாகக் குறையும். காரணம் எதுவும் இல்லாமல் கூடியிருந்தால் மட்டும்தான் கவனம் தேவை.

விலையால் வந்த கூடுதலுக்கு, அளவைக் குறைத்துப் பட்டினி கிடப்பது விடையாகாது. பொருளை மாற்றுவதே விடை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது தமிழ்நாடு அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும் சென்னையின் சில நியாயவிலைக் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. அந்த நாட்களில் வத்தக்குழம்பும் மோர்க்குழம்பும் துவையலும் வைத்த வீடுகள் தக்காளி விலையைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. தக்காளியும் வெங்காயமும் தேங்காயும் மாறிமாறி ஏறும் பொருள்கள் என்பதால், ஒவ்வொன்றும் இல்லாமல் செய்யக்கூடிய நான்கைந்து குழம்பு, கூட்டு வகைகளை எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவைப்பது பட்ஜெட்டின் ஒரு பகுதியே.

எங்கே வாங்குகிறோம் என்பதும் விலையை மாற்றுகிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் தொடங்கிய உழவர் சந்தை இன்று மாநிலம் முழுவதும் பல ஊர்களில் இயங்குகிறது. இடைத்தரகர் இல்லாமல் விவசாயிகளே விற்பதாலும், அன்றன்றைய விலை பலகையில் எழுதப்படுவதாலும், புதிதாக பட்ஜெட் போடுபவருக்கு அது நல்ல பள்ளிக்கூடம். அந்தப் பலகையைப் பார்த்துப் பழகியவருக்குத் தெருவில் வரும் வண்டியில் கேட்கப்படும் விலை நியாயமானதா என்று உடனே தெரியும்.

நியாயவிலைக் கடையைச் சிட்டையில் சேர்க்காமல் விடும் நடுத்தர வீடுகள் பல. அரிசி அட்டைக்குத் தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. சிறப்புப் பொது வினியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கொடுக்கப்படுகின்றன. அந்த அரிசியைச் சாப்பாட்டுக்கு எடுக்காவிட்டாலும் இட்லி, தோசைக்கு அரைக்கும் வீடுகள் ஏராளம். அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் நியாயவிலைக் கடைக்குப் போய்வந்து, என்ன கிடைத்தது என்று பார்த்த பிறகே மளிகைச் சிட்டையை எழுத வேண்டும். மாற்றிச் செய்தால் பருப்பு இரண்டு மடங்காகி டப்பாவில் வண்டு பிடிக்கும்.

பாக்கெட்டுகளை ஒப்பிடும்போது பாக்கெட்டின் விலையைப் பார்க்கக் கூடாது. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் எடை இருக்கும். அதைவிடக் குறைவாக அடைத்த பாக்கெட்டுகளும் பார்வைக்கு அதே உருவத்தில் அலமாரியில் நிற்கின்றன. கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் பாக்கெட்டின்மேல் அச்சிட வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகள் சொல்கின்றன. சிறிய எழுத்தில் இருந்தாலும் தேடிப் பார்க்கத்தக்க எண் அதுதான்.

மூன்றாவது காரணமாகிய புதுப் பொருள்தான் இன்று அதிகம் கசியும் இடம் என்று நினைக்கிறேன். மத்திய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புறக் குடும்பங்களின் மொத்தச் செலவில் உணவின் பங்கு 39.17 விழுக்காடு. அதே மொத்தச் செலவில் தானியங்களின் பங்கு 4 விழுக்காட்டுக்கும் குறைவு. பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு ஆகியவற்றின் பங்கோ 10 விழுக்காட்டுக்கு மேல். அதாவது நகரத்து வீடு அரிசிக்கும் கோதுமைக்கும் செலவிடுவதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் பிஸ்கட்டுக்கும் பாக்கெட் தீனிக்கும் கடைச் சாப்பாட்டுக்கும் செலவிடுகிறது. அப்படியிருக்க, செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் மலிவான அரிசிக்கு மாறுவதிலோ பருப்பைக் குறைப்பதிலோ தொடங்குவது பொருளற்றது. வாரக் கடைசியில் வாங்கும் பார்சலும், பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் செயலியில் கட்டணம் சேர்த்து வாங்கும் ஒரு தயிர் பாக்கெட்டும், அதோடு ஒட்டிக்கொண்டு வரும் இரண்டு தீனி பாக்கெட்டுகளும் தனித் தலைப்பில் எழுதப்பட வேண்டும். அவற்றை முற்றிலும் நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் உள்ள வீட்டில் அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். ‘மளிகை’ என்ற பெயரில் அவை மறையாமல் இருந்தால் போதும்.

பற்றுக்கு வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தெரிந்த அண்ணாச்சி கடையில் கணக்கெழுதி வாங்கி, சம்பளத்தன்று தீர்ப்பது பல குடும்பங்களுக்குப் பெரிய ஆதரவு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்படித் தீர்க்கும் பணம் போன மாதம் சாப்பிட்டதற்கானது. இந்த மாதத்துச் சம்பளத்தில் இந்த மாதத்துக்கான திட்டம் போட்டுவிட்டு, அதிலேயே போன மாதக் கடனையும் அடைத்தால் தொகை எப்போதும் பற்றாது. மாதத்துக்கு ஐந்நூறோ ஆயிரமோ எனப் பாக்கியைக் கரைத்து, சில மாதங்களில் கைக்காசு கொடுத்து வாங்கும் நிலைக்கு வந்த பிறகே பட்ஜெட் எண்கள் உண்மையைச் சொல்லும்.

மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தொகைக்குள் மாதத்தை முடித்துவிட்டோம் என்று மகிழும் சில வீடுகளில், சமைத்தவர் தனக்குப் பாலில்லாமல், முட்டையில்லாமல், மிஞ்சிய குழம்போடு மாதத்தைக் கழித்திருப்பார். அது சிக்கனம் அன்று, ஒருவர் உடம்பிலிருந்து எடுக்கப்பட்ட கடன். இதைத் தவிர்க்க அளவு எழுதும்போதே தலைக்கணக்கில் எழுத வேண்டும். நான்கு பேருக்கு வாரத்தில் மூன்று முட்டை வீதம் என்றால் பன்னிரண்டு. அதில் அம்மாவின் மூன்றும் அடங்கும். தொகை போதாவிட்டால் தொகையைத்தான் உயர்த்த வேண்டும். எந்த வீட்டிலும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குத் திட்டத் தொகை சரியாக அமையாது. அதைத் திருத்துவது தோல்வியாகாது.

இந்த வேலைகளுக்கெல்லாம் மாதத்தில் ஒரு மாலைப் பொழுது போதும். கடைசி நாளன்று டப்பாக்களைத் திறந்து, எதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வீட்டில் இருப்பவர்கள் சேர்ந்து பார்க்கலாம். பிள்ளைகளை ஆழாக்கால் அளக்கச் சொன்னால் அவர்கள் ஆர்வத்தோடு செய்வார்கள். துவரம் பருப்பு அரை கிலோ இருந்தால் அடுத்த மாதச் சிட்டையில் இரண்டு கிலோவுக்குப் பதில் ஒன்றரை கிலோ என்று எழுத வேண்டும். எண்ணெய் இருபத்தேழாம் தேதியே தீர்ந்திருந்தால், அந்தத் தேதியையும் அதற்கு எதிரே குறித்துவைக்க வேண்டும்.